புகார் அக்காவின் மவுஸ்

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்குப் புகார் அக்கா என்று பெயர். பதினேழு வருடமாக மூன்றாம் எண் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் வரவில்லை, வந்தாலும் நாறுகிறது, குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது என்று வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, கணினியில் ஏற்றி, ஒரு நம்பர் கொடுப்பது வேலை. பழுது பார்த்துவிட்டு வரும் ஃபிட்டர்கள் அவளிடம் காரணம் சொல்லித்தான் புகாரை முடிக்க முடியும். "சரியாயிடுச்சுக்கா, முடிச்சுடுங்க" என்றால் விடமாட்டாள்.

"எதனால வந்துச்சுன்னு சொல்லு. இல்லன்னா அடுத்த வாரம் அதே ஆளு அதே ஜன்னல்ல வந்து நிப்பாரு. நீயா வந்து திட்டு வாங்குவ?"

காரணக் கட்டம் காலியாக இருக்க, அவள் கையால் ஒரு புகாரும் முடிந்ததில்லை.

ஜன்னல் ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும். மூன்று வாரமாக ஒன்பதரைக்குத்தான் திறந்தது. எல்லாம் மவுஸால்.

யாரோ பென்டிரைவில் வைரஸ் கொண்டுவந்துவிட்டார்கள் என்று எல்லாக் கணினியிலும் தட்டையான துளைகளைப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். பழைய மவுஸ் போய், ஸ்டோரிலிருந்து வட்ட முனை வைத்த ஒன்று அவள் மேசைக்கு வந்தது. அந்த அலுவலகத்தில் மேசை மேல் விட்ட பொருள் மறுநாள் அடுத்த பிரிவில்தான் இருக்கும். முன்பே அப்படி இரண்டு மவுஸ் கால் முளைத்துப் போன பிறகு, தினமும் சாயங்காலம் மவுஸைக் கழற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டுவதை அவள் வழக்கமாக்கியிருந்தாள். காலையில் வந்ததும் கணினியைப் போடுவாள். அது விழிக்கப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் மேசையைத் துடைத்து, பூட்டைத் திறந்து, மவுஸை எடுத்துச் செருகிவிடுவாள். ஒரு நிமிடமும் வீணாகாத முறை என்று அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆனால் திரை வந்து பார்த்தால் அம்புக்குறி நடுவில் நட்டுவைத்த மாதிரி நிற்கும். அணைத்து மறுபடி போட்டால் ஓடும். அதற்கு இன்னொரு பன்னிரண்டு நிமிடம். வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

ஒப்பந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்காரர் பதினொரு மணிக்கு வருவார். கணினியை அணைத்து முனையைத் துடைத்தார். வேறு மவுஸ் மாற்றினார். மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினார். அவர் இருக்கும்போதெல்லாம் அது வேலை செய்தது.

"பாருங்க, நான் வந்தா ஒழுங்கா ஓடுது. உங்க மேல ஏதோ கோவம்."

"அப்ப ஒன்பது மணிக்கு நீங்களே வந்து அத சமாதானப்படுத்துங்க. பதினோரு மணிக்கு அது யார்கிட்டயும் கோவப்படறதில்ல."

அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து ஏச்சு விழுந்தது. அவளைக் கூப்பிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்மா. அப்புறம் இந்த ஜன்னல மூடிட்டு உங்கள மெயின் ஆபீசுக்கு அனுப்பறதுதான் வழி. அங்க எல்லாம் புது மெஷின்."

மெயின் ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இங்கிருந்து வீடு பத்து நிமிட நடை. வீட்டில் மாமனார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மதியம் பன்னிரண்டே முக்காலுக்குச் சர்க்கரை ஊசி, உடனே சாப்பாடு. கணவர் லாரியோடு போனால் வாரம் கழித்துத்தான் வீடு. ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. வந்தவளை ஊசி பிடிக்கத் தெரியவில்லை, சோறு பிசையத் தெரியவில்லை என்று மூன்றே நாளில் ஓட்டிவிட்டார் மனிதர்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. மூன்றரை மணிக்கு நாத்தனார் போன் செய்தாள். அன்று அவளுக்கு விடுமுறை, அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள்.

"அண்ணி, அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. அடி இல்ல. ஆனா என்னைத் தூக்க விடமாட்டேங்கறாரு. நீங்கதான் வரணுமாம்."

பையை எடுத்தாள். "நான் அணைச்சுடறேன், நீங்க ஓடுங்க" என்றாள் பக்கத்து மேசை டைப்பிஸ்ட். இழுப்பறை, பூட்டு எதுவும் புகார் அக்காவின் நினைவில் இல்லை.

மறுநாள் காலை மவுஸ் இருக்குமா என்ற பயத்தோடுதான் வந்தாள். இருந்தது, செருகியபடியே. கணினியைப் போட்டாள். பன்னிரண்டு நிமிடத்தில் அம்புக்குறி கை போன பக்கமெல்லாம் வந்தது. ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்தாள். முதல் ஆள் திகைத்துப்போய்த் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு மணிக்கு ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்து சோதித்தாள். அணைத்து, மவுஸைக் கழற்றி, கணினியைப் போட்ட பிறகு செருகினாள். அசையவில்லை. அணைத்து, செருகிவிட்டுப் போட்டாள். ஓடியது. இரண்டையும் இன்னொரு முறை செய்தாள். வட்ட முனை மவுஸ், கணினி கண் விழிக்கும்போது கூடவே இருந்தாக வேண்டும். பிறகு வந்தால் அதற்குக் கணக்கில்லை. தட்டை முனைக்கு எப்போது செருகினாலும் சரி என்பதால் அவளுடைய முறை பழைய மவுஸ் போகும்வரை ஓடியிருக்கிறது.

மவுஸுக்காகத் தான் பதிந்த புகாரைத் திறந்தாள். காரணக் கட்டத்தில் எழுதிவிட்டு அதிகாரி அறைக்குப் போனாள். மேசையில் அவளுடைய மாற்றல் உத்தரவு கையெழுத்துக்காக இருந்தது.

"மவுஸ் சரியாயிடுச்சு சார். தப்பு என்னோடதுதான். மெஷினப் போட்ட அப்புறம் செருகியிருக்கேன்."

அவர் திரையில் புகாரைத் தேடிப் படித்தார். "அந்தக் கம்பெனிக்கு நாலு லெட்டர் போட்டு நாறடிச்சிருக்கேன்மா நான். 'பயன்படுத்துபவரின் தவறு'ன்னு போட்டிருக்கீங்க. மேல இருந்து பாத்தா உங்களத்தான் கேப்பாங்க. 'பழுது நீக்கப்பட்டது'ன்னு போட்டு முடிச்சா என்ன?"

"ஃபிட்டருங்க அப்படித்தான் சார் கேப்பாங்க. நான் விட்டதில்ல."

அவர் உத்தரவை எடுத்தார். படித்தார். கோப்பின் அடியில் செருகினார். "ஒரு மாசம் ஒன்பது மணிக்குத் திறங்க. அப்புறம் இதக் கிழிக்கறேன்."

மறுநாள் மவுஸின் ஒயரை மேசைக் காலோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டாள். ஜன்னல் ஒன்பதுக்குத் திறந்தது. மதியம் எழுந்தபோது ஒரு குழாய் உடைப்புக்காரர் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் போக முடிந்தது.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். "ரெண்டு நிமிஷம் லேட்டு."

அவள் ஊசியை எடுத்தாள். "புகார் குடுங்க மாமா, நம்பர் தரேன். முதல்ல சட்டையத் தூக்குங்க."