என் பத்து வரியைத் தாங்காத கம்ப்யூட்டர்

நம் குழு இலவசமாகத் தரும் தமிழ்த் தட்டச்சு ப்ரோகிராமுக்கு நான் எழுதிய பத்து வரியை ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு, இன்று காந்திபுரத்தில் நாச்சிமுத்துவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அவர் பார்த்துச் சரி என்றால்தான் அது சேரும். என் பெயரும் எழுதியவர்கள் பட்டியலில் வரும்.

“படிச்சா அழகா இருக்குதுங்க. ஒருக்கா ஓட்டிப் பாத்துப்போடலாமுங்களா?”

“பத்து வரிக்குப் போயி பரிசோதனைங்களா? என்மேல நம்பிக்கை இல்லீங்களா?”

“உங்க மேல நெறைய இருக்குதுங்க,” என்றபடியே ஓட்டினார்.

முதல் எழுத்தை அடித்ததும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை அணைத்துப் போட்டார். மூன்று முறையும் நின்றது.

ஃபிளாப்பியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். “உங்க வேலை பிரமாதமுங்க. எங்க கம்ப்யூட்டருக்குத்தான் தாங்கற யோகமில்லீங்க.”

இதை ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்; எழுதும்போதுதான் புரிகிறது. மறுப்பவர்கள் வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் நல்லது. எங்கள் ஊர்க்காரர் மறுத்தால் மறுப்பென்றே தெரிவதில்லை.