குளிரில் வைத்தெடுத்த பிரேக் டிஸ்க்

காலை ஆறு மணிக்குப் பழனியில் பஸ் ஏறினேன். மடியில் சாக்குப்பை, உள்ளே புது பிரேக் டிஸ்க் இரண்டு. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் வாடகை வேன் ஓட்டுகிறவன் நான். இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து டிஸ்க் சூடேறிக் கோணிக்கொள்ளும். சவரிக்காட்டு வளைவில் பெடல் காலுக்கடியில் நடுங்கும். புது டிஸ்க்கைக் கடுங்குளிரில் வைத்தெடுத்தால் நன்றாகத் தாங்கும், திண்டுக்கல்லில் செய்கிறார்கள் என்றார் மெக்கானிக். கிளம்பிவிட்டேன்.

"ஏனுங்க, மடியில என்ன, கொழந்தையாட்டம்?" என்றார் கண்டக்டர்.

"பிரேக்குங்க."

"நம்ம டிரைவருக்குக் குடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

பஸ்ஸே சிரித்தது. நான் அதற்கப்புறம் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் நாற்பது ரூபாய். ஆயக்குடியில் ஜன்னலுக்கே கொய்யா வந்தது. ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய்க் கட்டுகள் ஏறும்வரை நின்றோம். அறுபது கிலோமீட்டர்தான், ஆனாலும் எட்டாகிவிட்டது.

பட்டறை திண்டுக்கல் ஊருக்கு வெளியே. நடுவில் ஆள் உயர எவர்சில்வர் பெட்டி, மூடியோரம் வெள்ளைப்புகை. பட்டறைக்காரர் அந்தோணி டிஸ்க்கைக் கையில் வாங்கியதும், நான் அதன்மேல் வைத்திருந்த விபூதி குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். நான் அவர் கையையே பார்த்தேன்.

"என்ன அப்பு, முருகனைத் தொடச்சுப்புட்டேன்னு பாக்குறீகளா? பிசுக்கு இருக்கக்கூடாது. வெளிய வந்ததும் வச்சுக்கங்க."

"குளிர்ல விரிசல் விட்டுராதுங்களாண்ணா?"

"மாட்டுக்குச் சினை ஊசி போட வாராகல்ல, கேன்ல புகையுமே, அதே நைட்ரஜன் சரக்குதான். சட்டுனு முக்குனாத்தான் வம்பு. நாம மெல்ல மெல்ல குளிர வச்சு, ராப்பூராம் விட்டு, மெல்லத்தான் வெளிய எடுப்போம். பெறகு அடுப்புல ஒரு சூடு. நீங்க நிதானமா மலை எறங்குற மாதிரித்தேன்."

அந்தக் கேன் ஊசியில் பிறந்த கன்று எங்கள் வீட்டிலேயே துள்ளிக்கொண்டிருக்கிறது. பாதிப் பயம் போயிற்று. மீதிப் பயத்தோடு லாட்ஜில் தங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் டிஸ்க்கை வாங்கித் தடவிப் பார்த்தேன். ஜில்லென்றும் இல்லை, நிறமும் மாறவில்லை. கொண்டுபோன மாதிரியே இருந்தது.

"செஞ்சீங்களாண்ணா?" கேட்டேவிட்டேன்.

"இங்கன தெரியாது அப்பு. மலையில பாருங்க."

பழனி வந்ததும் அடிவாரத்தில் மறுபடி குங்குமம் வைத்து வேனில் மாட்டினேன். இன்றோடு ஒரு சீசன் ஓடிவிட்டது. நேற்றும் சவரிக்காட்டு வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். பெடல் நடுங்கவில்லை. நடுங்கியது என் கால்தான். பின்னால் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.