கருப்பசாமிக்குக் கங்காணி வேலை

சீனிச்சாமி கொழும்பில் செத்துப்போனான் என்று போன வாரம் தந்தி வந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இனிமேல் இதைச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை, அதனால் சொல்கிறேன்.

அவனைப் பெற்றவர் எங்கள் பெரியப்பா தவசி. சின்னமனூரில் நெல் விவசாயம், வாய்க்கால் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்தறியாத மனிதர். மகன் கொழும்புத் துறைமுகத்தில் கங்காணி. நம் பக்கத்துப் பையன்களைக் கூட்டிப்போய்க் கப்பலில் மூட்டை சுமக்க வைப்பவன். முப்பத்தைந்தாம் வருஷம் முதல் போகம் அறுத்த சமயம் அவனிடமிருந்து சேதி வந்தது. அய்யா ஒரு மாசம் வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போகட்டும், வரும்போது நம் குலசாமி கருப்பசாமியின் பிடிமண் கொண்டுவரட்டும், இங்கே பீடம் கட்டப்போகிறேன் என்று. மகனுக்குச் சாமி நினைப்பு வந்துவிட்டதே என்று பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்.

பிடிமண் என்றால் சாமி இருக்கிற இடத்து மண். பூசாரி உத்தரவு கேட்டு ஒரு பிடி அள்ளித் தருவார். அதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் சாமி அங்கேயும் வந்து குடியிருக்கும். ஆனால் போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக்கூடாது. பெரியப்பா மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறியதும் ஆளாளுக்கு வாந்தி. எவனோ தின்ற தயிர்ச்சோறு என் வேட்டியில் வழிந்தது. பெரியப்பாவும்தான் வாந்தி எடுத்தார், முடிச்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு.

சீனிச்சாமி வீட்டுக்குப் பின்னால்தான் கடல். கரை முழுக்க மீன் குடலும் மனுசப் பீயும். "கடல்காத்து ஒடம்புக்கு நல்லதுய்யா, நல்லா இழுத்து விடுங்க" என்றான். எனக்கு மூக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் அவனுடைய ஆட்கள், எல்லாரும் எங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தன் கால்மாட்டில் இன்னொருத்தன் தலை வைத்துப் படுக்கிற இடம், மூத்திர நாற்றம் வாசல்வரை அடித்தது. இவனோ கோட்டில் அத்தர் பூசிக்கொண்டு நின்றான்.

பீடம் கட்டி, மண்ணை வைத்து, கிடாயும் வெட்டியாயிற்று. ஊர்ச் சாமியைக் கண்டதும் அந்தப் பையன்கள் கதறி அழுதார்கள். பெரியப்பாவும் அழுதார்.

மறுநாள் காலையில் சீனிச்சாமி அவர்களைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தினான்.

"ஒவ்வொருத்தனா வந்து மண்ணுல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கடா. நான் விடுற வரைக்கும் வேற கங்காணிகிட்டயும் போகமாட்டேன், ஊருக்கும் போகமாட்டேன்னு."

அடி உதைக்குப் பயந்து ஓடிவிடுவார்கள், கருப்பசாமி பேரில் சத்தியம் செய்துவிட்டால் செத்தாலும் மீறமாட்டார்கள். இதற்குத்தான் அந்த நாய்க்குப் பிடிமண். கோட்டைச்சாமி என்கிறவன் அவன் காலில் விழுந்தான். "புள்ள பொறந்து மொகத்தக்கூடப் பாக்கலண்ணே, மாசிக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"மொதல்ல அடி" என்றான் சீனிச்சாமி. கோட்டைச்சாமி அடித்தான். எல்லாரும் அடித்தார்கள்.

"ஏலே, இதுக்கா என்னையச் சாமி சுமக்க வச்ச?" என்றார் பெரியப்பா.

"போலீசு செய்யாததக் கருப்பசாமி செய்யிறாக. இருந்துட்டுப் போகட்டுமேய்யா" என்று சிரித்தான். பெற்ற மகனைப் பார்த்து அவர் காறித் துப்பினார்.

மண்ணை அள்ளி எறிந்தாலும் அடித்த சத்தியம் அடித்ததுதான். பெரியப்பா அன்றைக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் ஆட்கள் வேலை முடிந்து வந்ததும் எழுந்து நின்றார்.

"தம்பிகளா, இது நம்ம கோயில் மண்ணில்ல. அது கப்பல்ல கைதவறிக் கடல்ல விழுந்துருச்சு. சொல்ல வெக்கப்பட்டு, எறங்குன எடத்துல ரோட்டு மண்ண அள்ளி முடிஞ்சேன். உங்க சத்தியம் செல்லாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழியெல்லாம் அந்த முடிச்சு அவர் கையைவிட்டு இறங்கியதே இல்லை.

"பொய்யி!" என்று கத்தினான் சீனிச்சாமி. தட்டில் சூடத்தைக் கொளுத்தி நீட்டினான். "உண்மைன்னா கருப்பசாமி பேரச் சொல்லி அணைங்க பாப்போம்."

பொய்யாகச் சூடம் அணைத்தவன் வம்சம் விளங்காது என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பெரியப்பா உள்ளங்கையை விரித்தார். "கருப்பசாமி அறிய" என்று சொல்லி நெருப்பைப் பொத்தி அணைத்தார்.

எங்களை அப்போதே வெளியே தள்ளினான். ஆட்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

மாசியில் சிவராத்திரி முடிந்து மறுநாள் காலைப் பூசைக்குக் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தோம். கோட்டைச்சாமியும் வந்திருந்தான், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு. பூசாரி பெரியப்பாவுக்குத் திருநீறு கொடுக்கக் கையை நீட்டியபோது அவன்தான் முதலில் கத்தினான்.

"சாமியக் கடல்ல போட்டுட்டு ரோட்டு மண்ணக் கும்பிட வச்ச ஆளுக்கு எதுக்குத் திருநீறு?"

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். பூசாரி கையை இழுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போனார். கோட்டைச்சாமி பெரியப்பாவின் காலடியில் துப்பினான். எனக்கு அவன் மேல், அந்தக் கூட்டத்தின் மேல், எல்லார் மேலும் அருவருப்பு பொங்கியது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார்.

"வாய மூடுலே. நீ சொன்னா அவன் புள்ளய எறக்கி விட்டுட்டு இன்னைக்கே அங்கன திரும்பிப் போகணும்."