இன்னும் அரை நூல்

வெனீர் ஒட்டிய கதவு ஏன் வளைகிறது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்பவர் பெரும்பாலும் வளைந்த கதவோடு வந்து நிற்பார். வேறு எங்கோ முகப்பில் மட்டும் ஒட்டி வாங்கியிருப்பார். தேக்கின் மெல்லிய சீவலைப் பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், பசை காயக் காய அந்தப் பக்கமாகப் பலகையை இழுக்கும். பின்பக்கமும் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சரிக்குச் சரியாகிவிடும். “உள்ள யாருங்க பாக்கப் போறா?” என்பார்கள். நான் இழைப்புளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். என் மனைவிதான் அவர்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, நிதானமாகச் சொல்லிப் புரியவைப்பாள். கொடைக்கானலில் எங்கள் பட்டறை இத்தனை வருடம் ஓடியது என் கையால் பாதி, அவள் வாயால் பாதி.

இரண்டு பக்கமும் ஒட்டினால் மட்டும் போதாது. பலகை எந்த அறையில் நிற்கப்போகிறதோ, அந்த அறையின் காற்றுக்கு முதலில் பழக வேண்டும். மலையில் பனி குடித்த பலகையில் இங்கேயே ஒட்டிக் கீழே இறக்கினால், சமவெளி வெயிலில் மரம் சுருங்கிக் கதவு கோணிக்கொள்ளும். அதனால் கீழ்நாட்டு வேலை என்றால் பலகையை முன்னதாக அனுப்பி, காற்றுப் புக இடையிடையே ரீப்பர் என்கிற மெல்லிய கட்டைகளை வைத்து அடுக்கி, அகலம் குறைவது நின்ற பிறகுதான் ஒட்டுவோம்.

அவளுக்கு மூச்சுக் கோளாறு வந்தது. இந்த ஈரமும் குளிரும் இனி ஆகாது, கீழே போயே ஆக வேண்டும் என்றார் டாக்டர். வத்தலக்குண்டில் அவள் தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. பனிக்காலம் முடிகிறவரை இரு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிக் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் பார்க்க ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த அறையில் துணி வைக்க இடமில்லை. ஓர் அலமாரி செய்து கொடுக்கலாமென்று சில்வர் ஓக் பலகைகளை கேரட் லாரியில் ஏற்றி அனுப்பினேன். பலகை போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

“அலமாரின்னா நான் இங்கனயே கெடக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க, அப்படித்தானங்க?”

துணி வைக்கத்தான் என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, சரி, பலகை காயட்டும், காய்ந்ததும் பார்ப்போம் என்று வைத்துவிட்டாள்.

பலகைக்குக் காவல் அவள்தான். தங்கையைப் பிடிக்கச் சொல்லிப் புரட்டிப் போடுவாள், டேப் வைத்து அகலம் பார்ப்பாள். எட்டில் ஒரு பங்கு இன்ச்சுக்கு எங்கள் தொழிலில் நூல் என்று பெயர். ஒரு நூல் குறைந்திருக்கிறது, இன்னும் அரை நூல் குறைந்திருக்கிறது என்று போனில் சொல்வாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நேராகக் கேட்டால் எரிந்து விழுவாள். பலகையைப் பற்றிக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சும்மா இருக்க முடியாமல், பழைய வேலைகளில் மிஞ்சிய வெனீர்த் துண்டுகளைக் கேட்டு வாங்கி, காகித டேப் போட்டு இணைத்து, கதவுகளின் உள்பக்கத்துக்கான ஷீட்டுகளைத் தயார் செய்து சுருட்டி வைத்தாள். மேலே பனி எப்படி என்று தினமும் கேட்பாள். நான் குறைத்தே சொல்வேன்.

வாரங்கள் போயின. பலகை மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. இந்த வேகத்தில் போனால் அலமாரி தீப்பெட்டி ஆகிவிடும் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அடுக்கின் மேல் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கைக்குத் தெரிந்துவிட்டது. எப்போதோ காய்ந்து முடிந்திருந்தது. அன்றைக்கே பசை போடலாம். அவள் கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் அரை நூல் பாக்கி இருக்குங்க” என்றாள்.

ஒட்டிவிட்டால் அலமாரி. அலமாரி நின்றுவிட்டால் அதுதான் வீடு. பலகையை மெதுவாக ரீப்பர் கட்டைமேல் வைத்தேன்.

“ஆமா புள்ள. கெடக்கட்டும். என்ன அவசரம்?”

அவள் முகம் தெளிந்தது. அன்று எனக்கு அவளே டீ போட்டாள். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போட்டாள்.

மேலே பனி விலகிக்கொண்டிருந்த நாட்களில் அவள் போய்விட்டாள். வண்டியில் வைத்து மலையேறும் காட்ரோட்டில் கொண்டு வந்து, எங்கள் ஊரிலேயே அடக்கம் செய்தோம். வருவேன் வருவேன் என்று சொன்னவள் அப்படித்தான் வந்தாள்.

மாடி அறை அப்படியே இருந்தது. நான் மாதம் ஒருமுறை இறங்கிப் போய்ப் பலகைகளைப் புரட்டிப் போட்டுவிட்டு வருவேன். அவற்றின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் கீழே வெளிச்சம் கசியாது. இவ்வளவு நேரான பலகை என் பட்டறையில் இருந்ததேயில்லை. அவள் இணைத்த ஷீட்டுகள் கட்டிலுக்கு அடியில் சுருட்டியபடி கிடந்தன. ஒன்றை விரித்துப் பார்த்தேன், இணைப்பில் நகம்கூட இடறவில்லை. திரும்பச் சுருட்டி வைத்துவிட்டேன்.

போன மாதம் அவள் தங்கை தயங்கித் தயங்கி மாடிக்கு வந்தாள். மகள் பிரசவத்துக்கு வருகிறாளாம். அறை வேண்டுமாம். நியாயம்தான், இத்தனை நாள் அவள் வாய் திறக்காததே பெரிது.

“அந்த அலமாரிய முடிச்சுக் குடுத்தா அக்கா ஞாபகமா நானே வச்சுக்குவேன் மச்சான். பலகை காஞ்சிருக்கும்ல?”

நான் பையிலிருந்து டேப்பை எடுத்து, மேல் பலகையின் குறுக்கே வைத்து அளந்தேன். அவளும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

“இன்னும் அரை நூல் பாக்கி இருக்கும்மா” என்றேன்.