கை போகும் வழியை வரைந்த கனகரத்தினம்

திரு. கனகரத்தினம் அவர்கள் காலமான செய்தி மலாயாவின் சிகாமட் ரயில் நிலையத்தில் என்னை எட்டியது. அவர் மனைவி பொன்னம்மாவும் சிறுவயது மகளும் இனி என்ன செய்வார்கள் என்ற கலக்கமே முதலில் எழுந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

நில அளவை அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வரைபடம் வரைபவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். மகள் பிறந்த சில வாரங்களில் பொன்னம்மாவுக்குக் கண்ட குளிர்காய்ச்சல் மூளையைத் தாக்கியது. உயிர் தப்பினார். ஆனால் எதையாவது எடுக்கப் போனால் கை ஆடி, அதைத் தாண்டிப் போய்விடும். கையில் பலம் இருந்தது. மூளையின் பின்பகுதிதான் பழுது என்றார் மருத்துவர். குழந்தையைத் தூக்க அவரை யாரும் விடவில்லை. பொன்னம்மாவின் அண்ணர் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோக வருவதாகத் தகவல் வந்தது.

அன்றிலிருந்து கனகரத்தினம் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரில் தாள் ஒட்டி, மனைவியின் விரலில் கரித்துண்டைக் கட்டி, ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குக் கையைக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு என் விரலிலும் கட்டினார். என் கோடு ஏறக்குறைய நேராக வந்தது.

"பாருமன். தோள் திரும்பினா ஒரு வட்டம், முழங்கை திரும்பினா இன்னொரு வட்டம். ரெண்டையும் சேர்த்து நேர்கோடு ஆக்கிறது மூளை. நாங்கள் அதை யோசிக்கிறதே இல்லை" என்றார் கனகரத்தினம்.

பொன்னம்மாவின் கோடு கோணல்மாணலாக ஓடியது. ஆனால் முழங்கையை மட்டும் அசைத்தபோது வளைவு ஓரளவு ஒழுங்காக விழுந்தது. தோளை மட்டும் அசைத்தபோதும் அப்படியே. இரண்டும் சேரும் இடத்தில்தான் குழப்பம் என்று கனகரத்தினம் ஊகித்தார்.

"அப்ப நேர்கோடு வேண்டாம். முதல் ஒரு வளைவு, நிப்பாட்டி மற்றது. சரிவருமோ தெரியேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார்.

தலையணையை வைத்துப் பழகினார்கள். பலமுறை விழுந்தது. அண்ணர் வந்திறங்கிய அன்று, அவர் முன்னிலையிலேயே பாயில் கிடந்த குழந்தையிடம் பொன்னம்மா குனிந்தார்.

"இஞ்சாருங்கோ, விட்டிட்டால்?"

"பயப்படாதையும். தோளை மட்டும். நில்லும். இப்ப முழங்கை."

குழந்தை மார்பில் வந்து சேர்ந்தது. அதற்குக் கீழே ஏந்தியபடி நின்ற கனகரத்தினத்தின் கைகள்தாம் நடுங்கிக்கொண்டிருந்தன. அண்ணர் தனியாகவே ஊர் திரும்பினார்.

ஆனாலும், மகள் நடக்கத் தொடங்கிய பிறகும் கனகரத்தினத்தின் பயம் தீரவில்லை. மதிய உணவுக்கு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவார். இந்த மழைக்காலத்தில் சுவாசக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவ தனிய அடுப்பு மூட்டக் கூடாது எண்டு சொல்லும்" என்றார். போய்ச் சொன்னேன்.

"அவருக்கு என்ர கையிலை நம்பிக்கை இருக்கு. நெருப்பிலைதான் இல்லை" என்றார் பொன்னம்மா.

ஆற்று வெள்ளம் வடியாத சாலையில் அவரைச் சுமந்து சென்றோம். பொன்னம்மாவும் மகளும் கைகோத்து வாசல் படலையில் நின்றார்கள். யார் கை யாரைத் தாங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

போய்வாருங்கள், கனகரத்தினம். இனிக் கவலைப்படுவது எங்கள் முறை.