ஆறாவது விரல்

எங்கள் ஊர்க் கல்லூரியில் சனிக்கிழமைகளில் ஓவிய வகுப்பு, வயது வரம்பு கிடையாது என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். சேர்ந்துவிட்டேன். என்னையும் சேர்த்துப் பதினேழு பேர். பக்கத்து பெஞ்சில் இருந்த நாலு பேருடைய வயதையும் கூட்டினால்தான் என் எழுபத்திரண்டு வரும்.

வரைவது எனக்குப் புதிதல்ல என்ற தைரியத்தில்தான் போனேன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதன் சர்வே ஆபீஸில் பிளான் போடும் டிராஃப்ட்ஸ்மேன். எந்த லெவலில் சுரங்கப் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் போட்ட கோட்டை நம்பித்தான் கீழே வெடி வைத்தார்கள். கோடு நகர்ந்தால் ஆள் போய்விடும். அந்தப் பயம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

முதல் நாள் ஆசிரியை மேஜைமேல் ஒரு செம்பருத்திக் கிளையை வைத்தார். பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துபோகிற சின்னப் பெண். நான் இலைகளை எண்ணினேன், முப்பத்தொன்று. ஸ்கேலை எடுத்து அளந்து வரைந்ததில், மணி அடித்தபோது என் தாளில் ஒன்பது இலைகள்தான் இருந்தன.

"ஸ்கேல் பேடா சார், கண்ணு சாக்கு," என்றார் கன்னடத்தில். ஸ்கேல் வேண்டாம், கண் போதுமாம். ஸ்கேலோடு என் ரப்பரையும் வாங்கி வைத்துக்கொண்டார். அழிக்கவும் கூடாது!

வகுப்பின் கடைசியில் எங்கள் படங்களுக்கு ஒரு கண்காட்சி உண்டு. அதற்குள் மற்ற பதினாறு பேரின் படங்களும் தேர்வாகிவிட்டன. நான் கொடுத்த ஐந்தும் திரும்பி வந்தன.

"நீட்டா இருக்கு சார். ஆனா இது பிளான், படம் இல்ல," என்றார் ஆசிரியை, தனக்குத் தெரிந்த தமிழில்.

இந்த வயதில் கண்காட்சி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கலாம். பதினாறு பேர் சுவரில் இருக்க, ஒருவன் மட்டும் இல்லாமல் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்புக்குப் போவதையே விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் மிச்சம் ஒரே ஒரு பயிற்சிதான் இருந்தது. வீட்டில் ஒருவரைப் பார்த்து வரைய வேண்டும். வரைந்து முடிக்கும்வரை கண் தாளுக்கு வரக் கூடாது, பென்சில் தாளை விட்டு எழக் கூடாது.

என் மனைவி ஹாலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னாத்துக்கு இப்பிடி முறைக்கிறீங்க? கீரையில பூச்சி கீதா?"

"உன்னைப் படம் போடறேன். அசையாதே."

"நான் அசையலன்னா கீரைய யாரு உருவறது? உங்க மேடமா வருவாங்க?"

அவள் நிறுத்தவில்லை. நானும் பென்சிலை நிறுத்தவில்லை. தாளைப் பார்க்க முடியாததால் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் காம்போடு வழுக்கி இறங்க, இலைகள் முறத்தில் உதிர்ந்தன. அந்த விரல் நுனி கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"இது எப்போதிலிருந்து இப்படி இருக்கு?"

"பொறந்ததுலருந்து," என்றாள், நிமிராமலே.

முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தேன். மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு தோள் தலைக்கு மேலே போயிருந்தது. கூச்சத்தோடுதான் கொடுத்தேன். ஆசிரியை வெகுநேரம் பார்த்தார். அவரே எடுத்துப்போய்ச் சுவரில் குத்தினார்.

கண்காட்சியன்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். படத்துக்கு முன்னால் நின்று அவள் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள்.

"எனக்கு இன்னா, ஆறு விரலா?"

நானும் எண்ணினேன். ஆறுதான். அவள் கை நகர நகர வரைந்ததில் ஒரு விரல் இரண்டு முறை விழுந்திருக்கிறது. எதை வரைந்தாலும் எண்ணிப் பார்க்கிற நான் இதை மட்டும் எண்ணவே இல்லை. ரப்பரைக் கேட்க ஆசிரியை எங்கே என்று தேடினேன்.

"யாரத் தேடறீங்க?"

"ரப்பர் வேணும்."

"வுடுங்க. இன்னொரு விரல் இருந்தா கீரை சீக்கிரம் ஆவும்."

படம் இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எண்ணுவதற்குள் நானே முந்திக்கொண்டு ஆறு விரல் என்று சொல்லிவிடுகிறேன்.