சைமன் எழுதித் தந்த ஸ்கிரிப்ட்

பாறசாலையில் வெல்டிங் வேலை செய்கிறேன். என் பழைய கம்ப்யூட்டரில் மெயில் திறந்தால் பாதியில் நின்றுவிடும். கூட வேலை செய்த சைமன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டருக்கான நாலைந்து கட்டளைகள், எழுதித் தந்தான். கறுப்புத் திரையில் ஒரு சொல் அடித்தால் போதும், மெயிலெல்லாம் வரும்.

“உள்ள தொறந்து நோண்டாதே மக்கா, கெட்டுப்போவும்,” என்றான். நான் திறக்கவில்லை.

நாங்கள் இருவரும் துபாயில் ஒரே கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தோம். ஒரே ஒரு இடம்தான். எனக்குப் பதிலே வரவில்லை. அவனுக்கு விசா வந்தது.

அந்த வாரம் பாஸ்வேர்டை மாற்றினேன், மெயில் நின்றுபோனது. புதியதை எழுதுவதற்காக ஸ்கிரிப்டைத் திறந்தேன். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் ஒரு வரியில் கம்பெனியின் பெயரும் சைமனின் மெயில் முகவரியும் இருந்தன. அடுத்த வரியில் ‘டெலீட்’ என்று இருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். கம்பெனி எனக்கு அனுப்பிய மெயில் அவனுக்குப் போய், என்னிடம் அழிந்திருக்கிறது.

அவன் வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

“எனக்க இன்டர்வியூ மெயில் வந்துதா?”

“வந்துது. எலே, ஒனக்கு இங்கிலீஷ் வராதுல்லா? அங்க போய் என்னத்தப் பேசுவே? எனக்கு ரெண்டு பிள்ளைய உண்டு.”

“எனக்கும் உண்டு,” என்றேன். வீட்டுக்குத் திரும்பினேன்.

புதிய பாஸ்வேர்டை எழுதி, அந்த இரண்டு வரிகளையும் அழித்தேன். ஸ்கிரிப்ட் இன்றும் ஓடுகிறது. புதிய மெயில் இல்லை என்று காட்டினால் மட்டும், அதைத் திறந்து முழுவதும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.